கோட்டைக்குள் காகிதம்: செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஏடுகள் எப்படித் தப்பின

1661-ல் சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர்கள் ஒரு மூட்டை காலிகோ துணியைத் தங்கள் பாதிரியாரிடம் கொடுத்தார்கள். அதை இங்கிலாந்தில் விற்று, வந்த பணத்தில் புத்தகம் வாங்கி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் நூலகம் என்று சொல்லத்தக்க ஒன்று அப்படித்தான் தொடங்கியது. நம் ஊர் நெசவாளர் தறியில் இறங்கிய துணி, கப்பல் ஏறிப்போய்ப் புத்தகமாகத் திரும்பிவந்தது. கோட்டை எழும்பத் தொடங்கி அப்போது இருபது வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கர் இடம் கொடுத்தது 1639 ஆகஸ்டில். முதல் கட்டடத்துக்கு செயின்ட் ஜார்ஜின் பெயர் வைத்தது அடுத்த ஏப்ரலில்.

இந்த ஆய்வு அந்தக் கோட்டையின் பீரங்கிகளையோ ஆளுநர்களையோ பற்றியதல்ல. கடலோரக் கோட்டை ஒன்றுக்குள் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் காகிதத்தை வைத்துக் காப்பாற்ற முயன்றார்கள். அதில் எது தப்பியது, எது போனது, ஏன் என்று பார்ப்பதுதான் நோக்கம். பழைய கோட்டையைக் கண்டால் இன்று நமக்கெல்லாம் ஒரே யோசனைதான் தோன்றுகிறது: இங்கே ஒரு நூலகம் வைக்கலாமே, ஆவணக் காப்பகம் வைக்கலாமே. சுவர் கனம், இடம் அழகு, வரலாறும் பொருத்தம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் சோழமண்டலக் கரையின் கோட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், சுவரால் தப்பிய காகிதம் என்று கைகாட்ட எனக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. தப்பியதெல்லாம் இன்னொரு பிரதி இன்னோர் இடத்தில் இருந்ததால் தப்பியது, அல்லது சரியான நேரத்தில் யாரோ ஒருவர் வண்டி ஏற்றி அனுப்பியதால் தப்பியது.

முதலில் அந்த ஏடுகள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோட்டையில் ஆளுநரும் கவுன்சிலும் கூடும்போதெல்லாம் குறிப்பு எழுதப்பட்டது. மேலே தேதி, அடுத்து வந்திருந்தவர்களின் பெயர்கள், பிறகு எந்தக் கப்பல் வந்தது, எந்த வணிகருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தது, யாரோடு என்ன தகராறு, என்ன முடிவு என்று வரிசையாகப் போகும். இவற்றைக் கன்சல்டேஷன் புத்தகங்கள் என்பார்கள். 1670-ல் பொறுப்பேற்ற வில்லியம் லாங்ஹார்ன் காலத்திலிருந்துதான் இங்கே ஏடுகள் நிலைத்திருக்கின்றன. அதற்கு முந்தைய முப்பது வருஷத்துக் காகிதம் சென்னையில் இல்லை. அடுத்து வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், 1678 முதல் 1681 வரை ஆளுநராக இருந்தவர், அலுவலக நடைமுறையை இறுக்கிப் பிடித்து எழுத்து வேலையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்.

இந்த ஏடுகளைத் தமிழர் படிக்கும்போது கிடைக்கும் இன்பம் தனி. வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களை நாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கம்பெனியின் தலைமை வணிகர் ‘வெரோனா’ என்று வருவார். ஏதோ இத்தாலிக்காரர் என்று தோன்றும். காசி வீரண்ணா என்று சொல்லிப் பாருங்கள், ஆள் எழுந்து நிற்பார். 1680-ல் அவர் இறந்தபோது கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கியதை அதே எழுத்தர் பதிந்துவைத்திருக்கிறார். 1734-ல் சுங்குராமா என்ற வணிகரின் தோட்ட நிலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய விவரமும் இந்த ஏடுகளில்தான் இருக்கிறது. சின்னத் தறிகளின் பேட்டை என்ற பெயரைச் சுமந்த அந்த இடம் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. பேருந்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

பெருமைப்பட முடியாதவையும் அதே தாள்களில் உண்டு. எலிஹு யேல் ஆளுநராக இருந்த காலத்தில், ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றிப் போக வேண்டும் என்று கவுன்சில் எழுதிவைத்தது. அதே யேல்தான் பிற்பாடு அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் ஓர் அரச உருவப்படமும் அனுப்பினார். 1718-ல் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. மறுபடியும் மூட்டை, மறுபடியும் புத்தகம். இந்த இரண்டு சேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிவதற்கே ஏடு வேண்டும். யேலின் பெயர் கல்வெட்டாக நிற்கும், அந்தப் பத்துப் பேரின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு வரி மட்டுமே சாட்சி.

இப்போது சோதனைக்கு வருவோம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பற்படை வந்து சென்னையைப் பிடித்தது. கோட்டை சில நாள்களில் விழுந்தது. 1748-ன் ஐரோப்பிய உடன்படிக்கையின் பேரில் 1749-ல் தான் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. இடைப்பட்ட மூன்று ஆண்டில் கோட்டையிலிருந்த காகிதங்களில் கணிசமானவை போயின. எதிரி நுழையக்கூடாது என்று கட்டிய சுவர், எதிரி நுழைந்த பிறகு காகிதத்துக்குச் சிறையாகிவிடுகிறது. மக்கள் பக்கத்து ஊருக்கு ஓடலாம், அலமாரி ஓடாது.

ஆனாலும் வரிசை முழுக்க அறுந்துபோகவில்லை. காரணம் கம்பெனியின் ஒரு பழக்கம். லண்டனிலிருந்த இயக்குநர்கள் தங்கள் ஆட்களை நம்பியவர்கள் அல்ல. சென்னையில் என்ன பேசினீர்கள், என்ன செலவழித்தீர்கள் என்பதன் முழுப் பிரதியும் வருஷந்தோறும் தங்களுக்கு வந்தாக வேண்டும் என்றார்கள். கப்பல் மூழ்கும், கொள்ளை போகும் என்பதால் கடிதங்களை ஒன்றுக்கு மேற்பட்ட பிரதியெடுத்து வெவ்வேறு கப்பலில் அனுப்பினார்கள். சம்பளம் குறைந்த இளம் எழுத்தர்கள் கை வலிக்க வலிக்க எழுதினார்கள். வரலாற்றைக் காப்பாற்றுகிறோம் என்று அவர்களில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சந்தேகத்தின் பேரில் எடுத்த பிரதிகள் அவை. இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் தொகுப்பில் இருக்கின்றன. சென்னை வரிசையில் விழுந்த ஓட்டைகளுக்கு ஆய்வாளர் போய்த் தட்டும் கதவு அதுதான்.

கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயருக்கு இன்னொரு கோட்டை இருந்தது, செயின்ட் டேவிட் கோட்டை. சென்னை பறிபோன நாள்களில் கிழக்குக் கரை ஆட்சியே அங்கிருந்துதான் நடந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இன்று போனால் பார்க்கச் சிதிலம்தான் உண்டு. ஆனால் அந்தக் கோட்டையின் கூட்டக் குறிப்புகள் பின்னாளில் அச்சாகிவிட்டன, நாம் படிக்கிறோம். கோட்டை தரைமட்டம், ஏடு பத்திரம்.

இதே கதை புதுச்சேரியில் நமக்கு இன்னும் நெருக்கமான ஆளிடம் நடந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்தவர், புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். 1736 செப்டம்பரில் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பேச்சுவழக்குத் தமிழ். கணக்குப்பிள்ளை கை. சந்தைச் சரக்கின் விலை, கவர்னர் மாளிகை வம்பு, ஜோதிடம், யார் யாரை எப்படி மரியாதை செய்தார்கள், எங்கே அவமதித்தார்கள், எல்லாம் வரும். 1746-ல் சென்னை விழுந்த சேதி அதில் விரிவாக இருக்கிறது. சென்னையைத் திருப்பிக் கொடுக்கப் பதினொரு லட்சம் வராகன் என்று லா போர்தொனே பேசி முடித்ததும், துய்ப்ளேக்ஸ் அதை ஏற்காமல் இருவரும் முறைத்துக்கொண்டதும் பக்கத்திலிருந்து பார்த்தவர் வார்த்தையில் கிடைக்கிறது. சென்னைக் கோட்டை தன் காகிதத்தை இழந்த அதே நாள்களுக்கு, புதுச்சேரியில் ஒரு தமிழர் வீட்டில் எழுதிவைத்த குறிப்பு சாட்சியாக நிற்கிறது.

1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் பிள்ளை கண்ணை மூடினார். ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள், ஊரையும் விட்டுவைக்கவில்லை. நாட்குறிப்பு கோட்டையில் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அது வீட்டில் இருந்தது. 1846-ல் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் பிள்ளையின் வாரிசுகளிடம் அதைக் கண்டு பிரதி எடுத்தார். அரியேல் என்பவர் எடுத்த பிரதி பாரீசுக்குப் போனது. 1890களில் சென்னை அரசு விழித்துக்கொண்டு தனக்கென ஒரு பிரதி எடுத்தது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. முதலில் ஃபிரெடரிக் பிரைசும் ரங்காச்சாரியும், பிறகு ஹென்றி டாட்வெல்லும் பதிப்பித்தார்கள். மூலக் கையெழுத்தில் சில பகுதிகள் தொலைந்துபோனதால், நாட்குறிப்பின் நடுவே ஓட்டைகள் இருக்கின்றன. பிரதி எடுப்பதற்கு முன் தொலைந்தது தொலைந்ததுதான். 1846-க்குப் பதில் 1800-ல் யாராவது கேட்டிருந்தால் என்ற நினைப்பு அந்தத் தொகுதிகளைப் புரட்டும்போதெல்லாம் வரும்.

செயின்ட் ஜார்ஜுக்குத் திரும்புவோம். 1758 டிசம்பரில் லாலி வந்து முற்றுகையிட்டபோது கோட்டை தாக்குப்பிடித்தது. அதன் பிறகு வெளி எதிரி பயம் படிப்படியாகத் தணிந்தது. காகிதம் பெருகியது. 1786-ல் வருவாய் வாரியம் வந்தது, ராணுவத் துறைக்குத் தனி ஏடு, நவாபுடனும் பாளையக்காரர்களுடனும் நடந்த கடிதப் போக்குவரத்துக்குத் தனி ஏடு. ஒவ்வொரு துறையும் தன் கட்டுகளைத் தன் அறையிலேயே குவித்தது. 1805-ல் ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், தலைமைச் செயலகத்தின் பதிவேடுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்க்க உத்தரவிட்டார். அந்த ஆவண அறைக்கு முதல் காப்பாளராக அமர்ந்தவர் முத்தையா என்ற தமிழர். சிறிய செய்தி போலத் தெரியும், ஆனால் இந்த வரலாற்றில் பெண்டிங்கைவிட எனக்கு முக்கியமானவர் அவர்தான். எந்தக் கட்டு எங்கே இருக்கிறது என்று தலைக்குள் வைத்திருக்கும் ஓர் ஆள் இல்லாவிட்டால், ஆவண அறை என்பது பழைய காகிதக் கிடங்கு. ஆவண வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இனி காகிதத்தின் உண்மையான எதிரிகள். கோட்டை கட்டிய காலத்தில் கடல் கிழக்குச் சுவருக்கு மிக அருகே வந்து மோதும். 1870களுக்குப் பிறகு துறைமுகக் கட்டுமானம் நீண்டதால் மணல் சேர்ந்து, கடல் விலகிப்போனது. விலகியது அலைதான், உப்புக்காற்று விலகவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறும், வெயில் காலத்தில் அதே சுவர் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாகப் பொரியும். உப்பு இருக்கும் இடத்தில் ஈரம் திரும்பத் திரும்ப வரும். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்வரிசைப் புத்தகங்கள் முதலில் கெடுவதற்குக் காரணம் இது. வீட்டில் சுவரோரம் பழைய புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாடை தெரிந்திருக்கும்.

காகிதத்தோடு மையும் சேர்ந்து சதி செய்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பிய மை, மாசிக்காயிலிருந்து எடுத்த துவர்ப்பும் அன்னபேதி உப்பும் சேர்ந்தது. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப்பட்டுக் கருக்கும். அமிலம் உள்ள மை என்பதால் வருஷக்கணக்கில் தாளை அரித்துக்கொண்டே இருக்கும். ஈரக்காற்று அந்த வேலையை விரைவுபடுத்தும். முற்றிய நிலையில் எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டையாகி, தாள் சல்லடைபோல் நிற்கும். அழுத்தி எழுதிய எழுத்தரின் பக்கம் முதலில் போகும், லேசான கைக்காரரின் பக்கம் நிற்கும். இதோடு கரையான், இராமபாணப் பூச்சி, முன்னூறு வருஷமாகப் புரட்டிய விரல்கள்.

இப்படிப்பட்ட தாளை எப்படி மீட்கிறார்கள் என்று ஒருமுறையாவது பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தையலைப் பிரித்துத் தாள்களைத் தனித்தனியாக எடுத்து, எண் போட்டுக்கொள்வார்கள். மை கரையுமா என்று ஓர் ஓரத்தில் சொட்டு வைத்துப் பார்ப்பார்கள். பிறகு மெழுகுத்தாள் மேல் தாளைக் கிடத்தி, நனைத்த தூரிகையால் சுருக்கத்தை நீவிவிடுவார்கள். கண்ணாடிபோல் மெல்லிய சிஃபான் பட்டுத்துணியை மேலே விரித்து, தண்ணீராகக் கரைத்த மாவுப் பசையை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவுவார்கள். பசையில் பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்ப்பது பழைய முறை. ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம். துணி வழியாக எழுத்து தெரியும், தாள் கையில் நிற்கும். ஒரு தாளுக்கு இவ்வளவு. ஒரு தொகுதியில் சில நூறு தாள். ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தாள் செய்ய முடியும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வேலைக்கு ஆள் எடுப்பதில் எந்த அரசு கஞ்சத்தனம் காட்டினாலும் எனக்குக் கோபம் வரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைக்குள் இடம் இல்லை என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. 1909-ல் எழும்பூரில், அதற்கு முந்தைய ஆண்டு திறந்த ரயில் நிலையத்துக்கு எதிரே, ஆவணங்களுக்கென்றே செங்கல் சிவப்பில் ஒரு கட்டடம் எழுந்தது. கோட்டையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே. இரண்டரை நூற்றாண்டின் காகிதம் அங்கே குடிபோனது. சென்னை ஆவண அலுவலகம் என்று பெயர் பெற்று, 1973 முதல் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பொதுமக்களுக்கான பெரிய நூலகமும் அந்தப் பக்கத்தில்தான் ஏற்கெனவே வந்திருந்தது. கன்னிமாரா பொது நூலகம் 1896 டிசம்பரில் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் திறந்தது. ஆக ஏடும் புத்தகமும் கடலோரத்தை விட்டு உள்ளே வந்துவிட்டன. இந்த ஊரின் அறிவு வரலாற்றில் இதைவிடச் சரியான வீடு மாற்றம் வேறு நடக்கவில்லை என்பேன்.

ஐந்தே வருஷத்தில் அதற்கு ஒரு சோதனை வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடலில் நின்று குண்டு பொழிந்தது. துறைமுகப் பக்கத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. கோட்டைக்கும் துறைமுகத்துக்கும் கூப்பிடு தூரம். கோட்டைக்குப் பெரிய சேதம் இல்லை என்பது அன்றைய நல்வாய்ப்பு. ஆனால் 1670 முதலான ஏடுகள் அன்றிரவு அந்தக் கூப்பிடு தூரத்தில் இல்லை. இரண்டாம் உலகப்போரில் எழும்பூரும் பத்திரமில்லை என்று தோன்றியபோது, ஏடுகள் மறுபடியும் வண்டியேறி சித்தூர் மாவட்டத்துக்குப் போயின.

எழும்பூருக்குப் போனபின் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய காரியம். 1911-ல் காப்பாளராக வந்த டாட்வெல், பழைய ஏடுகளை அப்படியே அச்சில் ஏற்றும் பணியை வேகப்படுத்தினார். கன்சல்டேஷன் புத்தகங்கள், அனுப்பிய கடிதங்கள், வந்த கடிதங்கள், மேயர் நீதிமன்ற நடவடிக்கைகள் எனத் தொகுதி தொகுதியாக வந்தன. அவர் 1922-ல் லண்டனுக்குப் போன பிறகும் அந்த வரிசை நீண்டது. கையெழுத்துப் பிரதி ஒன்றோ இரண்டோ இருந்த இடத்தில், நூற்றுக்கணக்கான அச்சுப் பிரதிகள் உலகெங்கும் நூலகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை இன்று ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். எழும்பூர்ப் படிப்பறைக்கு வர முடியாத ஒருவர் திருநெல்வேலியிலோ தோகாவிலோ உட்கார்ந்து 1680-ன் கோட்டை வாழ்க்கையைப் படிக்க முடிவது இதனால்தான்.

தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டால் கதை வேறு விதம். டேனியர் 1620-ல் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. 1845-ல் டேனியர் தங்கள் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றபோது, பெரும்பகுதிக் காகிதம் கோபன்ஹேகனுக்குப் போனது. ஒரு பங்கு சென்னைக்கு வந்தது. கொச்சியின் டச்சு ஏடுகளும் அதுபோல சென்னையிலேயே தங்கிவிட்டன. ஆக, தரங்கம்பாடித் தெருக்களில் அன்று யார் வாழ்ந்தார்கள், யாருக்கு யாரோடு வழக்கு என்று அறிய அந்த ஊர்ப் பிள்ளை சென்னைக்கோ டென்மார்க்குக்கோ போக வேண்டும். கோட்டை அங்கே, அதன் ஞாபகம் வேறெங்கோ. காகிதம் பிழைத்தது என்பதோடு மகிழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பிரதியாவது ஊருக்குத் திரும்பி வர வேண்டும்.

பிரதியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் அறியும். அங்கே பொது நூலகம் கோட்டைக்குள் இல்லை, கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள், அவற்றோடு வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் சாம்பலாயின. பிறகு போர் வந்து, 1990 முற்றுகையில் பக்கத்துக் கோட்டையும் சிதைந்தது. கோட்டைக்குள் 1706-ல் கட்டிய டச்சுத் தேவாலயம் இடிந்தது. நூலகக் கட்டடத்தை மீண்டும் வெள்ளையாக எழுப்ப முடிந்தது, கோட்டைச் சுவரையும் கல் கல்லாகச் சேர்க்க முடிகிறது. ஒற்றைப் பிரதியாக இருந்த ஓலையை எந்தக் கொத்தனாரும் கட்டித்தர முடியாது. அந்த இழப்பின் பாடத்தை ஈழத்தமிழர்கள் நெஞ்சில் வாங்கிக்கொண்டார்கள். 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட ஒன்றுவிடாமல் ஸ்கேன் செய்துவருகிறது. அதைப் பார்க்கும்போது கம்பெனியின் சந்தேகப் பிரதிகள் நினைவுக்கு வரும். இங்கே பிரதி எடுக்கவைப்பது சந்தேகமல்ல, பட்ட அடி.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் மறுபடி ஒரு நூலகம் வந்த சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். 2010-ல் சட்டமன்றமும் செயலகமும் ஓமந்தூரார் தோட்டத்துப் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனபோது, கோட்டையில் காலியான இடத்தில் பாவேந்தர் பெயரில் செம்மொழித் தமிழாய்வு நூலகம் அமைந்தது. பழைய சட்டமன்றக் கட்டடத்தில் தமிழ் ஆய்வு நூல்கள். கேட்கும்போதே நெஞ்சு நிறைகிற ஏற்பாடு. 2011-ல் ஆட்சி மாறியது, சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது, புத்தகங்கள் மூட்டை கட்டப்பட்டு வெளியேறின. எந்தக் கட்சி செய்தது சரி என்ற விவாதம் எனக்கு இங்கே தேவையில்லை. கோட்டை என்பது எப்போதும் அதிகாரம் ஆசைப்படும் இடம். அங்கே புத்தகம் வாடகைக்குக் குடியிருக்கும் ஆள்தான், வீட்டுக்காரர் திரும்பி வந்தால் சாமானை எடுத்தாக வேண்டும். ஓர் ஆய்வு நூலகத்தை இடம் மாற்றும்போது புத்தகத்தைவிட முதலில் உடைவது வரிசை. வரிசை உடைந்த நூலகத்தில் ஒரு நூலைத் தேடியவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

அப்படியானால் கடலோரக் கோட்டையில் நூலகமே வைக்கக்கூடாதா? வைக்கலாம், வைக்க வேண்டும் என்றே சொல்வேன். எதை வைப்பது என்பதில்தான் விஷயம். மூல ஏடு, சுவடி, ஒற்றைப் பிரதி எதுவும் ஓதமேறும் சுவருக்குள் தங்கக்கூடாது. அவை உள்நாட்டில், ஈரம் அளந்து கட்டுப்படுத்தும் அறையில் இருக்கட்டும். கோட்டைக்குள் வாசிப்பறை, அச்சுத் தொகுதிகள், மின்பிரதிகள், நல்ல மேசை, நல்ல வெளிச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக ஏடு தெரிந்த ஓர் ஆள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோட்டையில் நினைத்தபடி சுவரைத் துளைத்துக் குளிர்சாதனக் குழாய் விட முடியாது. மரவிட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தின் மேல் இரும்பு அலமாரி நிறையப் புத்தகம் அடுக்கினால், மரவிட்டம் தாங்குமா என்று பொறியாளர் சொன்ன பிறகே அடுக்க வேண்டும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நுழையும் அளவு இடைவெளி விட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் மேல்தளத்தைப் பார்த்து ஒழுகும் இடத்தை அடைக்க வேண்டும். எல்லாம் சாதாரண வேலை. தவறாமல் செய்தாக வேண்டிய வேலை.

தரங்கம்பாடியில் இப்படி ஒரு வாசிப்பறை வந்தால் நான் முதலில் வைக்கச் சொல்வது, கோபன்ஹேகனிலுள்ள ஊர் ஏடுகளின் மின்பிரதியும், அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழக்கித்தரும் ஒரு வாரப் பயிற்சியும்தான். செயின்ட் ஜார்ஜில் என்றால் 1734-ன் கன்சல்டேஷன் தொகுதி. அச்சில் இருக்கிறது, தேடிப் பிடிப்பதும் கடினமில்லை. சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைத்து, சுங்குராமாவின் தோட்டம் வரும் பக்கத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும்.